கேட்கும் மாத்திரை, கேட்காத மாத்திரை

மாலை ஏழு மணி. பேருந்து நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடை. வரிசை என்று எதுவும் இல்லை. கண்ணாடி மேசைமேல் கைகள் நீண்டுகொண்டே இருக்கின்றன. கடைப்பையன் ஓர் அட்டையை எடுத்து நீட்டுகிறான். வாங்கிய பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேலேயே வைக்கிறார்.

“இது வேண்டாம் தம்பி. போன வாரம் குடுத்தியே, அதைக் குடு.”

“அதே மருந்துதான் பாட்டி. கம்பெனிதான் வேற. இது விலையும் கம்மி.”

“கம்மியா இருந்து என்னப்பா பண்றது? எனக்கு இது கேக்காது.”

பையன் மறுபேச்சுப் பேசாமல் பழைய அட்டையை எடுத்துத் தருகிறான். சுற்றி நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை. தனக்குக் கேட்கும் மாத்திரை எது, கேட்காதது எது என்று அங்கிருந்த ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எனக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தது.

தமிழில் மருந்து ‘கேட்கிறது’. மூன்று நாளாகியும் இறங்காத காய்ச்சலை, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்கிறோம். சொன்ன பேச்சைக் கேட்பது, கேட்காமல் அடம்பிடிப்பது என்று உடம்பை ஒரு பிள்ளையாக வைத்தே நம் மொழி பேசுகிறது. பாட்டி சொன்னதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு இப்போது மனம் வரவில்லை. வலி நிவாரணிகள் பற்றி வந்திருக்கும் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, பாட்டியும் பாதி சரி, கடைப்பையனும் பாதி சரி என்றுதான் தெரிகிறது.

முதலில் பாட்டியின் பாதி.

1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிராந்த்வெய்ட், கூப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தலைவலிக்கு அடிக்கடி மாத்திரை போடும் 835 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, எல்லோருக்கும் தெரிந்த பிரபலப் பெயர் பொறித்த ஆஸ்பிரின். இன்னொரு குழுவுக்குப் பெயரில்லாத சாதாரண உறையில் அதே ஆஸ்பிரின். மூன்றாவது குழுவுக்குப் பிரபலப் பெயர் போட்ட உறை, உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. நான்காவது குழுவுக்குப் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. ஆஸ்பிரின் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது, அதில் வியப்பில்லை. ஆனால் உறையில் இருந்த பெயரும் தன் பங்குக்கு வலியைக் குறைத்தது. வெற்று மாத்திரை விழுங்கியவர்களிடம் அந்தப் பெயரின் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இங்கே ஒரு சொல் விளக்கம். மருத்துவம் ‘பிளாசிபோ’ என்று சொல்வதைத் தமிழில் சிலர் ‘போலி மருந்து’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாத சொல். போலி மருந்து என்பது ஏமாற்றி விற்கப்படுவது, அது குற்றம். பிளாசிபோ என்பது மருந்துச் சரக்கு இல்லாத மாத்திரை. ‘வெற்று மாத்திரை’ என்றே இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2016இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதே கேள்வியை அடிக்கடி தலைவலி வரும் 87 மாணவர்களிடம் சோதித்தார்கள். இந்த முறை இபுபுரூஃபென். ‘நியூரோஃபென்’ என்று பெயர் போட்டுக் கொடுத்த வெற்று மாத்திரை, உண்மையான இபுபுரூஃபெனுக்கு இணையாகத் தலைவலியைக் குறைத்தது. ‘ஜெனரிக்’ (காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிகள் தயாரிக்கும் மருந்து) என்று பெயர் போட்டுக் கொடுத்த வெற்று மாத்திரைக்கு அந்த வலிமை இல்லை. இரண்டிலும் உள்ளே மருந்து இல்லை. வேறுபாடு லேபிளில் மட்டும்தான்.

பெயரைப் போலவே விலைக்கும் சக்தி உண்டு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 82 பேரின் மணிக்கட்டில் சிறு மின் அதிர்ச்சி கொடுத்து, இது புதிய வலி நிவாரணி என்று சொல்லி ஒரு வெற்று மாத்திரையைத் தந்தார்கள். அதன் விலை இரண்டரை டாலர் என்று பாதிப் பேருக்குச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு, விலை குறைக்கப்பட்டுப் பத்து சென்ட்டுக்குக் கிடைக்கிறது என்றார்கள். இரண்டரை டாலர் என்று கேட்டவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. பத்து சென்ட் என்று கேட்டவர்களில் 61 சதவீதம். ‘விலையும் கம்மி’ என்று கடைப்பையன் நல்லெண்ணத்தோடு சொன்னானே, அந்தச் சொல்லே பாட்டியின் மாத்திரையிலிருந்து கொஞ்சம் வலுவைக் குறைத்திருக்கும்.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானா?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ‘எல்லாம் மனசுதான்’ என்ற ஒரு வாக்கியத்தால் வலியோடு வருகிறவர்களை நாம் எத்தனையோ முறை புண்படுத்தியிருக்கிறோம்.

1978இல் சான் பிரான்சிஸ்கோவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர், கடைவாய்ப் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வெற்று மருந்து கொடுத்ததும் அவர்களில் சிலருக்கு வலி தணிந்தது. பிறகு அவர்களுக்கு நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மார்ஃபினின் வேலையைத் தடுத்து நிறுத்தும் மருந்து அது. தணிந்திருந்த வலி மீண்டும் ஏறியது. மார்ஃபினே கொடுக்காதபோது அதைத் தடுக்கும் மருந்து எதைத் தடுத்தது? நம் மூளை தானே சுரக்கும், மார்ஃபினை ஒத்த எண்டார்ஃபின்களைத்தான். மருந்து வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் உடம்பு தன் சொந்தச் சரக்கை எடுத்துச் செலவழித்திருக்கிறது. அதே குழு பின்னர் கண்ட இன்னொன்று: நோயாளியின் கண்முன் செலுத்திய வெறும் உப்பு நீர், அவருக்குத் தெரியாமல் செலுத்திய ஆறு முதல் எட்டு மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமாக வலியைக் குறைத்தது.

இத்தாலியின் டூரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒரே வலி மருந்தை, ஒரே அளவில், இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு முறை மருத்துவர் பக்கத்தில் வந்து, இப்போது வலி மருந்து போடுகிறேன் என்று சொல்லிப் போட்டார். இன்னொரு முறை ஓர் இயந்திரம் சத்தமில்லாமல் குழாய்வழியே செலுத்தியது. யாருக்கும் தெரியாமல் சென்ற மருந்தின் பலன் குறைவாக இருந்தது. அல்சைமர் நோயாளிகளிடம் அவர் கண்டது என்னை மிகவும் பாதித்தது. எதிர்பார்ப்பை உருவாக்கும் மூளையின் முன்பகுதித் தொடர்புகள் சிதைந்துபோனவர்களுக்கு, அதே வலி மருந்து முன்போல வேலை செய்யவில்லை. மருந்து தரப்படுகிறது என்பதையே மனம் பற்றிக்கொள்ள முடியாதபோது, மருந்தின் பாதித் துணை போய்விடுகிறது. நம் வீடுகளில் இப்படி மறதியோடு படுத்திருக்கும் முதியவர்களின் வலிக்குக் கூடுதல் கவனம் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2011இல் ஆக்ஸ்ஃபோர்டில் 22 பேருக்கு வெப்பத்தால் வலி உண்டாக்கி, ரெமிஃபென்டனில் என்ற வலுவான மருந்தை ரத்தநாளம் வழியாகச் செலுத்தினார்கள். மருந்து போகிறது என்று சொன்னபோது அதன் பலன் ஏறக்குறைய இரட்டிப்பானது. மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலிக்கும் என்று சொன்னபோது, மருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தும் பலன் முழுதாக மறைந்தது. மூளையை ஸ்கேன் செய்த படங்களிலும் அது தெரிந்தது.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: கைராசி. ‘அந்த டாக்டர் கையால ஒரு ஊசி போட்டாப் போதும்’ என்று இரண்டு பேருந்து மாறிப் போகிறவர்களை நமக்குத் தெரியும். அந்தக் கையில் இருப்பதில் ஒரு பகுதி, அவர் நாடி பிடித்துப் பேசும் அந்த இரண்டு நிமிடம்.

எல்லை எங்கே

நம்பிக்கைக்கு எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை யாருக்காவது தீங்கு செய்துவிடும். 2011இல் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனையில், உண்மையான இன்ஹேலர் இழுத்தவர்களும் வெற்று இன்ஹேலர் இழுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் ‘தேவலை’ என்று சொன்னார்கள். நுரையீரலை அளந்து பார்த்தபோது, உண்மை மருந்தால் மூச்சின் அளவு 20 சதவீதம் கூடியிருந்தது. வெற்று இன்ஹேலரால் 7 சதவீதம்தான். உணர்வு ஏமாந்தது, நுரையீரல் ஏமாறவில்லை. கிருமித் தொற்றுக்கும் சர்க்கரைக்கும் புற்றுக்கும் நம்பிக்கை மருந்தாகாது. 2001இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெற்று மருந்தின் பலன் பெரும்பாலான நோய்களில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சிறிதளவேனும் தென்பட்ட இடங்களில் முக்கியமானது வலி. வலி என்பதே உணர்வுதான் என்பதால் அது இயல்பு.

இன்னொரு செய்தி, மாத்திரைப் பெயருக்காக அடம்பிடிக்கும் நம் எல்லோருக்கும். 2014இல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்த சுமார் 1,650 பேரில் சிலருக்குப் பாரசிட்டமாலும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். பாரசிட்டமால் எடுத்தவர்களுக்கு வலி நீங்க 17 நாள் ஆனது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். அந்த வலியைப் பொறுத்தவரை, எந்தக் கம்பெனி என்பதற்கு முன்னால், அந்த மருந்தே தேவையா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கைக்கு விலை

இனி கடைப்பையனின் பாதி.

மருந்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு எதை வாங்குகிறார்கள்? பொருளியலாளர்கள் நால்வர் அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்து 2015இல் வெளியிட்டார்கள். தலைவலி மாத்திரை வாங்கும்போது சாதாரண மக்கள் நூற்றுக்கு 26 முறை பெரிய பிராண்டை வாங்கினார்கள். மருந்தாளுநர்கள் வெறும் 9 முறை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு வெளியே இருக்கும் பெயர் தேவைப்படவில்லை.

அறியாதவர்களின் நம்பிக்கை எப்படிக் காசாகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கு நடந்தது. ரெக்கிட் பென்கீசர் நிறுவனம் நியூரோஃபென் மாத்திரையை முதுகு வலிக்கு, மாதவிடாய் வலிக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, மன அழுத்தத் தலைவலிக்கு என்று நான்கு தனித்தனிப் பெட்டிகளில் விற்றது. விலை சாதாரண நியூரோஃபெனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கிலும் இருந்தது ஒரே இபுபுரூஃபென் லைசின், 342 மில்லிகிராம். விழுங்கிய மாத்திரைக்கு முதுகு எது, வயிறு எது என்று தெரியாது. அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கத்தான் போகும். நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. முதலில் 17 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அது போதாது என்று ஆணையம் மேல்முறையீடு செய்ய, 2016 டிசம்பரில் அது 60 லட்சமாக உயர்ந்தது.

முதுகு வலிப் பெட்டியை வாங்கிய ஒருவருக்கு உண்மையிலேயே முதுகு வலி கூடுதலாகக் குறைந்திருக்கலாம் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. மேலே சொன்ன ஆய்வுகளெல்லாம் அதைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அந்த வலிக்குறைவு அந்த மனிதரின் சொந்த மூளை கொடுத்தது. அதற்கு இரட்டை விலை வாங்க எவருக்கும் உரிமையில்லை.

நம் நாட்டுக் கதை வேறு. டோலோ, குரோசின், கால்பால் என்று நாம் கேட்டு வாங்கும் எல்லாமே பாரசிட்டமால்தான். காப்புரிமை எதுவும் இல்லாத பழைய மருந்து அது. பெயர் வைத்த ஜெனரிக், பெயர் வைக்காத ஜெனரிக் என்பது மட்டும்தான் இங்கே வேறுபாடு. விலைக்கு அரசு உச்சவரம்பும் வைத்திருப்பதால், பாரசிட்டமாலில் மிச்சமாவது ஓர் அட்டைக்குச் சில ரூபாய்தான். ஆனால் மூட்டு வலிக்கு மாதம் முழுக்கக் கூட்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்தப் பெயர்ப் பழக்கம் கூடிக்கூடிப் பெரிய தொகையாகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மூலப்பெயரில் (கம்பெனி வைத்த பெயரில் அல்லாமல், உள்ளிருக்கும் மருந்தின் பெயரில்) மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. வேறு மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்களுக்கும் அமைத்துக்கொண்டன. 2008 முதல் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள், 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் தொடங்கிய ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் என்று மலிவு மருந்துக்கு இன்று கதவுகள் பல. ஆனாலும் ‘கவர்மென்ட் மாத்திரை’ என்று சொல்லும்போது நம் குரல் தானாகவே தாழ்கிறது.

அந்தத் தயக்கத்தில் ஒரு பகுதி நியாயமானது. அதை மூடி மறைக்கக் கூடாது. தரம் குறைந்தவை என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் பட்டியலில் பெயரில்லாத மாத்திரைகளும் இருக்கின்றன, பெரிய பெயர்களும் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர்கள் மூலப்பெயரிலேயே எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோது, தரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு மருத்துவர் சங்கம் எதிர்த்தது. அதே மாதத்தில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. கேள்வி சரியானதுதான். ஆனால் பெயர் வைத்தால் தரம் வந்துவிடுமா? 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதற்கும் ஒரு பிராண்ட் பெயர் இருந்தது. அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒழுங்கான ஆய்வகச் சோதனையும் நேர்மையான ஆய்வாளரும் மட்டுமே.

பெயர்ப் பழக்கத்தின் இன்னோர் ஆபத்து என் வீட்டிலேயே இருந்தது.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முட்டி வலி, அவ்வப்போது தலைவலி. போன கோடையில் அவருடைய மருந்து டப்பாவைக் கொட்டி அடுக்கினேன். அரசு மருத்துவமனையில் கொடுத்த பாரசிட்டமால் அட்டைகள் பிரிக்கப்படாமல் அடியில் கிடந்தன. தலைவலிக்கு அவர் போட்டது கடையில் வாங்கிய 650 மில்லிகிராம் பாரசிட்டமால். ஒரு நாளைக்கு மூன்று. முட்டி வலிக்கு இன்னொரு கடை மாத்திரை, இரண்டு. அந்த இரண்டாவது அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்: அசெக்ளோஃபெனாக் 100, பாரசிட்டமால் 325. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 2,600 மில்லிகிராம் பாரசிட்டமால். பெரியவர்களுக்கான உச்ச எல்லையான 4,000 மில்லிகிராமுக்குள்தான். ஆனால் மெலிந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் தாழ்வானது. காய்ச்சல் என்று அவர் மூன்றாவதாக ஒரு பெயரில் மாத்திரை வாங்கியிருந்தால்? அளவு மீறிய பாரசிட்டமால் கல்லீரலைச் சத்தமில்லாமல் கெடுக்கும். முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாது. மூன்று மாத்திரை, மூன்று பெயர், மூன்று மருந்து என்றுதான் அம்மா நினைத்திருந்தார்.

“ரெண்டும் ஒண்ணா? அப்ப ஏம்ப்பா வேற வேற பேரு வெச்சிருக்கான்?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரி அட்டையில் 500, கடை அட்டையில் 650. ‘இது கேட்கவில்லை’ என்றதில் கொஞ்சம் அந்த 150 மில்லிகிராம் குறைவும் இருக்கலாம். கம்பெனியை ஒப்பிடுவதற்கு முன் அளவை ஒப்பிட வேண்டும். வலிப்பு, தைராய்டு, ரத்த உறைவு போன்றவற்றுக்கான மருந்துகளில், எந்தப் பெயரானாலும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

மாற்றும் விதமும் முக்கியம். 2007இல் நியூசிலாந்தில் எல்ட்ராக்சின் என்ற தைராய்டு மாத்திரையின் தயாரிப்பிடம் மாறியது. உள்ளிருந்த மருந்து அதேதான். நிறமும் உருவமும் மாறின. மக்களுக்கு முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் அந்த மாத்திரையின் பக்கவிளைவு பற்றி வந்த புகார்கள் 14. மாறிய பின் பதினெட்டு மாதங்களில் வந்தவை 1,400க்கும் மேல். சந்தேகத்துக்கும் உடம்பு கேட்கும்.

நம் அரசு மருத்துவமனை மருந்துச் சாளரத்தை நினைத்துப் பாருங்கள். கம்பிக்குப் பின்னால் ஒரு கை. ‘காலை ஒண்ணு, நைட்டு ஒண்ணு, அடுத்து!’ மருந்தாளுநரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். ஆனால் ஆய்வகத்தில் சோதித்து, தேறி, வரிப்பணத்தில் வந்த ஒரு நல்ல மாத்திரை, கடைசி ஓர் அடியில் தன் வலுவில் பாதியை அந்தச் சாளரத்திலேயே விட்டுவிடுகிறது. தனியார் பிராண்டுகள் விளம்பரத்துக்குக் கொட்டும் பணம் அரசுக்குத் தேவையில்லை. இந்த மாத்திரை எந்த ஆய்வகத்தில் எப்போது தேறியது என்று சாளரத்துக்கு மேலே தமிழில் ஒரு பலகை. ‘கடையில நீங்க வாங்குறதும் இதுவும் ஒரே மருந்துதாம்மா, சோதிச்சு வந்தது, வலி குறையும்’ என்று ஒரு வாக்கியம். இன்னும் இரண்டு மருந்தாளுநர் பணியிடம். அட்டையின் முன்பக்கம் தமிழில் பெரிய எழுத்தில் மருந்தின் மூலப்பெயர். இவ்வளவு போதும்.

இதில் பொய் எதுவும் தேவையில்லை. 2014இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 66 ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு, ஒவ்வொரு தாக்குதலுக்கும் வெவ்வேறு லேபிள் ஒட்டிய உறைகளில் மாத்திரை கொடுத்தார்கள். மருந்தை ‘வெற்று மாத்திரை’ என்று எழுதிக் கொடுத்தபோது அதன் பலன் சரிந்து, மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்த வெற்று மாத்திரையின் அளவுக்கு வந்து நின்றது. நல்ல மருந்தை நல்ல மருந்து என்று சொல்லிக் கொடுத்தபோதுதான் பலன் முழுமையாக இருந்தது.

அன்று மாலை அம்மாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து எல்லா அட்டைகளின் பின்பக்கத்தையும் படித்தோம். மூக்குக்கண்ணாடி போதாமல் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். பாரசிட்டமால் என்ற சொல்லை அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அடுத்த வாரம் டாக்டரிடம் எல்லாவற்றையும் எடுத்துப் போனோம். அசெக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு நல்லதில்லை என்று அவர் நிறுத்தினார். முட்டி வலிக்கு இப்போது ஆஸ்பத்திரிப் பாரசிட்டமால்தான். டாக்டர் சொன்ன அளவில். கேட்கிறதா என்று கேட்டால், “பரவால்ல, கேக்குது” என்கிறார்.

தலைவலிக்கு மட்டும் இன்னும் பழைய அட்டைதான். எடுப்பதற்கு முன், அன்றைக்கு எத்தனை பாரசிட்டமால் ஆயிற்று என்று காலண்டரில் கோடு போட்டுவிட்டு எடுக்கிறார்.